ஏறாத ஏணிக்குக் கையெழுத்து

ராஜராஜேஸ்வரிக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. எதையாவது கழற்றும். கொட்டாஞ்சேனை வீட்டில் அண்ணன் சத்தியநாராயணனோடு வாய்த்தர்க்கம் வந்த நாட்களிலெல்லாம் ஒரு மின்விசிறியோ மிக்சியோ சாப்பாட்டு மேசையில் துண்டு துண்டாகக் கிடக்கும். கழற்றியதெல்லாம் திரும்பப் பூட்டுப்பட்டு முன்னைவிட நன்றாக ஓடும். அதை யார் கவனித்தார்கள்! "பொம்பளப் புள்ளை கையா இது, கராஜ்காரன் கையா?" என்று அண்ணி முகத்தைச் சுளிப்பாள்.

ராஜிக்கு வயது முப்பத்தாறு. அண்ணனுக்குப் புறக்கோட்டையில் புடவை மொத்த வியாபாரம். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு அந்தக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து பில் எழுதத் தொடங்கியவள், எழுந்திருக்கவே இல்லை. சம்பளம் என்ற பேச்சே கிடையாது. வீட்டுப் பிள்ளைக்கு எதற்குச் சம்பளம்? பிறகு ஒரு நாள் கடைக்குக் கம்பியூட்டர் வந்தது, அதைத் தட்ட ஒரு ஆளும் வந்தான். "இனி நீ வீட்டுலயே இரும்மா" என்றான் அண்ணன். போகிறவளை ஒரு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவோம் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

அந்தக் கிழமையே அவள் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய் மாலை வகுப்பில் பெயரைக் கொடுத்தாள். தையல் வகுப்பில் இல்லை, கேக் ஐசிங்கில் இல்லை. பிரிட்ஜும் ஏசியும் திருத்துகிற வகுப்பில். முழு வகுப்பிலும் அவள் ஒருத்திதான் பெண். பாடம் எடுத்த சிங்கள சேருக்கு அவளுடைய பெயர் வாய்க்குள் நுழையவில்லை. பாதியில் முறித்து "ராஜா" என்றே கூப்பிட்டார். அவள் திருத்தப் போகவில்லை.

அண்ணன் கேள்விப்பட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஏசியா? ஊர்க்காரன் வீட்டு ஏணியில எல்லாம் ஏறி இறங்கப் போறியா? நம்ம மானம் என்னாகிறது?"

"உங்க மானத்த கடையிலயே பூட்டி வச்சிக்கங்கண்ணே. ஏறப் போறது நான்" என்றாள் அவள். அன்றைக்கு வீட்டில் இஸ்திரிப்பெட்டி கழன்றது.

படித்து முடித்துவிட்டால் சான்றிதழ் கையில் வந்துவிடும் என்று நினைத்தால், அதுதான் இல்லை. ஒரு நிறுவனத்தில் ஆறு மாதம் வேலை பழக வேண்டும். செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் அங்குள்ள போர்மன் பயிற்சிப் புத்தகத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். ராஜி கிராண்ட்பாஸில் கேட்டாள், பொரளையில் கேட்டாள், பஸ் மாறி ஹெந்தளை வரைக்கும் போய்க் கேட்டாள். ஒரு இடத்தில் பெண்களுக்கு டொய்லட் இல்லையாம். இன்னொரு இடத்தில் பெண்களுக்கு இன்சூரன்ஸ் இல்லையாம். அடுத்தவன் நல்லவன் மாதிரிச் சிரித்து, "ரிசெப்ஷனுக்கு ஆள் தேவை மிஸ், வாறீங்களா?" என்று கேட்டான். அடேயப்பா, இந்தக் கொழும்பில் பெண்களை உட்கார வைக்கத்தான் எத்தனை கதிரைகள்!

கடைசியில் வெள்ளவத்தையில், கடல் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஏசி திருத்தும் நிலையம் வைத்திருந்த பௌஸி ஒப்புக்கொண்டார். பௌஸி கெட்ட மனுஷன் இல்லை. சங்கடமே அதுதான். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வெளியே வந்திருக்கலாம். அவரோ தங்கச்சி தங்கச்சி என்று உருகினார், பகல் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார், போனுக்குப் பக்கத்தில் மின்விசிறிக்கு நேரே ஒரு கதிரையும் போட்டுக் கொடுத்தார்.

"ரெண்டு நாளைக்கிப் போன பாருங்க தங்கச்சி. பொறகு சைட்டுக்கு அனுப்புறன்."

அந்த இரண்டு நாள் இரண்டு மாதமாயிற்று. மெக்கானிக்மார் காலையில் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏணியும் தூக்கிக்கொண்டு புறப்படுவார்கள். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பயிற்சிப் புத்தகம் கைப்பைக்குள் வெறுமையாகக் கிடந்தது. கல்லூரியிலிருந்து சேர் அழைத்தார். சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு முன்னால் ஒரு வேலையாவது ஏறிய புத்தகத்தைக் காட்டாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்களாம். தன் கையில் எதுவும் இல்லை என்று அவரும் வருத்தப்பட்டார்.

இதைச் சொன்னபோது பௌஸி கொஞ்சமும் கலங்கவில்லை. "இதுக்கா முகத்தத் தொங்கப் போட்டீக்கிறீங்க? புத்தகத்தக் கொண்டு வாங்க. ஆறு மாசத்துக்கும் சேத்து நான் சைன் வெச்சித் தாறன். நீங்க போனயே பாருங்க. ஒங்கட கொரலுக்கே கஸ்டமர் கூடி ஈக்கி."

ராஜிக்குக் காதுவரை சூடேறியது. கையிலிருந்த பேனையைக் கழற்றி ஸ்பிரிங்கை வெளியே எடுத்துவிட்டாள். "ஏறாத ஏணிக்கு எனக்குக் கையெழுத்து வேணாம் சேர்."

மூலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த போர்மன் கிளெமென்ற் நிமிர்ந்து பார்த்தார். கொட்டாஞ்சேனைக்காரர், தலை நரைத்தவர், யாரிடமும் அதிகம் கதைக்காதவர். "தங்கச்சி சொல்லுறது சரி" என்றார். "நான் பாக்காத வேலைக்கு நானும் கையெழுத்து வைக்க மாட்டன்." இது ஆதரவா, அல்லது இருக்கிற ஒரு கதவையும் சாத்துகிற பேச்சா என்று ராஜிக்குப் புரியவில்லை.

விடுமுறைக்கு இரண்டே நாள் இருந்தபோதுதான் அந்த அழைப்பு வந்தது. ஏப்ரல் வெயிலில் வெள்ளவத்தையே புழுங்கிக்கொண்டிருந்தது. பேசியவள் பர்ஹா. இதே நிலையத்துக்கு அடிக்கடி அழைத்து அலுத்துப்போனவள்.

"எத்தன தடவ வந்து பாத்துட்டுப் போறீங்க! ஏசி குளிருறதும் இல்ல, தண்ணி ஒழுகுறதும் நிக்கல்ல. உம்மாட கட்டில் முழுக்க ஈரம்."

ராஜி வேலைச் சீட்டுகளைப் புரட்டினாள். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான். கேஸ் சரி, கம்ப்ரசர் சரி. எல்லாமே பால்கனியில் நிற்கிற வெளிப்பெட்டியின் கதை. தண்ணீரோ அறைக்குள் ஒழுகுகிறது.

"அறைக்குள்ள இருக்கிற பெட்டிய யார் கழட்டிப் பாத்தது?" என்று கேட்டாள்.

"யாரும் இல்ல. எப்பிடி வாறது? வாப்பா மவுத்தாகி உம்மா இத்தால ஈக்கிறா. வேத்து ஆம்புள அந்த ரூமுக்குள்ள கால் வைக்க ஏலா. அடுத்த ரூமுக்குத் தூக்கவும் ஏலா, இடுப்பு ஒடஞ்சி ஒபரேஷன் செஞ்சி படுத்தீக்கிறா. திரை போடுவம் எண்டு சென்னன். அதுக்கும் சத்தம் போடுறா."

கணவனை இழந்த முஸ்லிம் பெண் நாலு மாதத்துக்கு மேல் பிற ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கிற காலம்தான் இத்தா. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த ராஜிக்கு அது தெரியாததா? பௌஸிக்கும் தெரியும். மெக்கானிக்மாரும் ஒவ்வொரு தடவையும் அறைக்கதவு வரைக்கும் போய், மரியாதையாகத் தலையைக் குனிந்து, பால்கனிக்கு வந்து, பழுதே இல்லாத பெட்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். உள்ளே போகக்கூடிய ஒரு ஆள் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை. கேட்டீர்களா அநியாயத்தை!

அவள் நேரே பௌஸியின் மேசைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"யா அல்லாஹ், எனக்கி ஏன் இது தோணல்ல! கிளெமென்ற்ரோட போங்க தங்கச்சி. அவர் படியில நிப்பார். நீங்க போன்ல வீடியோ போட்டுக் காட்டுங்க. அவர் செல்ற மாதிரி ஸ்க்ரூவக் கழட்டினாச் சரி."

"சட்டை குடுங்க சேர்."

"என்ன சட்டை?"

"மெக்கானிக்மார் போடுற நீலச் சட்டை. கொம்பனிப் பேர் போட்டது."

"ஒரு வீட்டுக்குப் போய் வாறதுக்கு என்னத்துக்கு சட்டை? சும்மா போய் ஒரு கை உதவி..."

"கை உதவிக்கு நான் போகல்ல. வேலைக்குப் போறேன். வேலை என் பேர்ல, என் புத்தகத்துல ஏறணும். இல்லாட்டி நான் போன பாக்கிறேன்."

போய்க் கதிரையில் உட்கார்ந்துகொண்டாள். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ராஜி கையைக் கட்டிக்கொண்டாள். அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது.

"எடுங்க தங்கச்சி."

"காது கேக்கல சேர்."

கிளெமென்ற் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார். பௌஸி வேறு வழியில்லாமல் தானே எழுந்து வந்து எடுத்தார். மறுமுனையில் பர்ஹா இல்லை. கட்டிலில் கிடக்கிற அவளுடைய உம்மா ஹபீலா மாமியே போனைப் பறித்திருந்தாள். அதற்குப் பிறகு பௌஸியின் வாயிலிருந்து வந்ததெல்லாம் "ஓ மாமி... இல்ல மாமி... ஓ மாமி" மட்டும்தான். போனை வைத்தபோது அவருடைய கழுத்தெல்லாம் வியர்வை. அலுமாரியைத் திறந்து ஒரு நீலச் சட்டையை எடுத்து மேசையில் போட்டார்.

"இண்டைக்கி மட்டும்தான். நாளைக்கிக் கழுவித் திருப்பித் தரணும்."

சட்டை அவளுக்கு முழங்கால் வரைக்கும் தொங்கியது. கையை மடித்து விட்டுக்கொண்டாள்.

தொடர்மாடியில் லிப்ட் வழக்கம்போலப் பழுது. கிளெமென்ற் ஏணியின் ஒரு முனையையும் அவள் மறு முனையையும் பிடித்துக்கொண்டார்கள். வாசலில் காவலாளி மறித்து, "மெகானிக் கோ மிஸ்?", மெக்கானிக் எங்கே என்று கேட்டு அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "மம தமய்," நான்தான் என்று ராஜி சொன்னாள். அவன் கிளெமென்ற்றைப் பார்த்தான். கிளெமென்ற் வானத்தைப் பார்த்தார்.

மேலே வந்ததும் அவர் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். பர்ஹா ராஜியை உள்ளே கூட்டிப்போனாள். அறை வெதுவெதுவென்று, நனைந்த மெத்தை வாசத்தோடு இருந்தது. கட்டிலில் வெள்ளை உடுப்போடு படுத்திருந்த ஹபீலா மாமி, வந்தவளை மேலும் கீழும் அளந்தாள்.

"நீயா புள்ள திருத்தப் போறாய்?"

"ஆமாம்மா."

"கைல என்னத்துக்குப் போன்?"

"போர்மன் வெளிய இருக்கார். வீடியோவுல பாத்துச் சொல்லுவார்."

"வாணாம். கெமராவால பாத்தாலும் பாத்ததுதான். எண்ட ரூமுக்குள்ள எந்த ஆம்புளட கண்ணும் வரக் கூடாது. தெரிஞ்சாச் செய். தெரியாட்டி ஏணியத் தூக்கிட்டுப் போ."

பர்ஹா தலையில் கை வைத்தாள். ராஜி பெட்டியை அண்ணாந்து பார்த்தாள். வகுப்பில் கழற்றியதெல்லாம் மேசையில் வைத்த பெட்டி. பக்கத்தில் சேர் நிற்பார். இங்கே பெட்டி தலைக்கு மேலே, அதற்கு நேர் கீழே அசைய முடியாத ஒரு மனுஷி. திரும்பி நடந்தால் அந்தக் கதிரை அவளுக்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கும், மின்விசிறிக்கு நேரே. அதை நினைத்த மாத்திரத்தில் அவளுக்குக் கோபம் வந்தது, கோபம் வந்ததும் கை தேடியது. போனை நிறுத்திப் பர்ஹாவிடம் கொடுத்தாள்.

"தெரியும்மா. கட்டில ரெண்டு பேருமா மெல்லமா கொஞ்சம் தள்ளுவோம். ஒரு பிளாஸ்டிக் விரிப்பும் பேசினும் தாங்க."

மின்சாரத்தை நிறுத்தினாள். ஏறினாள். மூடியைக் கழற்றியபோது அவளுக்கே பாவமாக இருந்தது. காற்றை வடிகட்டுகிற வலை, கம்பளி போர்த்தியதுபோல் தூசியால் மூடிக் கிடந்தது. அதற்குப் பின்னாலும் அழுக்கு. காற்றுப் போக வழியே இல்லை, பிறகெப்படிக் குளிரும்? வாங்கிய நாளிலிருந்து யாரும் இதைத் திறந்ததில்லை. அடியிலிருந்த தட்டில் கறுப்பாக ஏதோ கட்டிப்பட்டு, தண்ணீர் போகிற குழாயை அடைத்திருந்தது. சுவரில் பெட்டியைப் பிடிக்கிற தகடும் ஒரு பக்கம் தளர்ந்து, பெட்டி குழாய்க்கு எதிர்ப்பக்கமாகச் சரிந்து நின்றது.

வலையைக் கழுவுவதும் தூசியைத் துடைப்பதும் சுகமாகத்தான் நடந்தது. தகட்டை இறுக்கப்போனபோது மோசம் போனாள். பெட்டியை மெல்ல நிமிர்த்தியவள், தட்டிலிருந்த தண்ணீரை மறந்துவிட்டாள். அது அப்படியே கவிழ்ந்தது. பாதி அவளுடைய நெஞ்சில், மீதி ஹபீலா மாமியின் கால்மாட்டில், கறுப்பாக, நாற்றத்தோடு.

"யா அல்லாஹ்! எண்ட கட்டில்!"

"மன்னிச்சிக்கங்கம்மா, மன்னிச்சிக்கங்க..." ராஜிக்கு ஏணியில் நின்றபடியே அழுகை முட்டியது. அண்ணனின் சிரிப்பு காதில் கேட்டது. பல்லைக் கடித்தாள். கடித்தும் கண்ணீர் வந்தது.

ஹபீலா மாமி அவளைப் பார்த்தாள், அவள் நெஞ்சில் வழிகிற கறுப்பைப் பார்த்தாள், திடீரென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, சிரிக்க வெக்காதே புள்ள, நோகுது! அழுதுட்டு நிண்டா கட்டில் காயுமா? வேலையப் பாரு. எனக்கிக் காத்து வேணும்."

ராஜி தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு தகட்டை இறுக்கினாள். குழாய்க்குள் கம்பியை விட்டு, தண்ணீர் ஊற்றி, வாயை வைத்து ஊதினாள். ஏதோ கொழகொழவென்று நழுவிப் போனது. எல்லாவற்றையும் பூட்டினாள். மின்சாரத்தைப் போட்டாள். பெட்டி ஒரு தடவை இருமியது, பிறகு சத்தமில்லாமல் ஓடத் தொடங்கியது. மூன்று பெண்களும் பெட்டியைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் குளிர் இறங்கியது. ஹபீலா மாமி கண்ணை மூடி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். கண்ணோரத்தில் ஈரம் இருந்தது. வெயில் தொடங்கிய நாளிலிருந்து அவள் சரியாக உறங்கியதில்லை.

வெளியே வந்து ராஜி பயிற்சிப் புத்தகத்தை நீட்டினாள். கிளெமென்ற் வாங்கவில்லை.

"நான் பாக்கேல்லையே தங்கச்சி. என்னெண்டு கையெழுத்து வைக்கிறது?"

வேறொரு நாளாக இருந்தால் அவள் அந்த ஏணியையே கழற்றியிருப்பாள். இன்றைக்கு அவளுக்குப் பயமில்லை. "உள்ள பாக்க முடியாதுதான் அண்ணே. கீழ போய் ஒழுங்கையில நின்னு, இந்த ஃபிளட்டோட சுவரப் பாருங்க. குழாய் வெளிய வந்து முடியிற இடம் தெரியும். உள்ள சரியா பூட்டாட்டி அதுல ஒரு சொட்டுத் தண்ணி வராது."

"சொட்டாட்டி இந்தப் படி முழுக்கத் திரும்ப ஏறவோ?"

"ஏறத்தானே சம்பளம் வாங்கிறீங்க?"

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். அவளும் ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். ஒழுங்கையில் நின்று கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தார். சுவரிலிருந்து நீண்ட வெள்ளைக் குழாயின் நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, நிற்காமல், தெளிவாக. கிளெமென்ற் கனநேரம் பார்த்தார். பிறகு பேனையை எடுத்து, புத்தகத்தை மதிலில் வைத்து, தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

"இதை நான் பாத்தனான்" என்றார்.

அன்று மாலை கொட்டாஞ்சேனையில் ராஜி நீலச் சட்டையைத் துவைத்து, தெருவைப் பார்த்த பால்கனிக் கொடியில் காயப்போட்டாள். எவ்வளவு தேய்த்தும் நெஞ்சிலிருந்த கறை முழுதாகப் போகவில்லை. கடையிலிருந்து வந்த சத்தியநாராயணன் கீழே நின்றே அதைப் பார்த்துவிட்டான். மேலே வந்து, "நாலு பேர் பாக்கிற இடத்துலயா இதத் தொங்கவிடுவ? பின்னால போடு" என்றான்.

"பின்னால வெயில் வராதுண்ணே. கடையில எத்தனையோ வருஷம் பின்னாலதானே இருந்தேன்? எனக்குத் தெரியும்."

அவன் கையைக் கழுவப் போனான். சட்டை முன்னாலேயே காய்ந்தது.

இத்தாவில் இருக்கிறவளுக்கு வெளியே போகவும் பிற ஆண்கள் கண்ணில் படவும்தான் தடை. பெண்கள் வந்து பார்த்துப் போகலாம், போனில் வேண்டியமட்டும் பேசலாம். அன்று இரவு ஹபீலா மாமி குளிர்ந்த அறையில் படுத்துக்கொண்டு, மருதானையிலிருந்து தெகிவளை வரைக்கும் தன் சொந்தபந்தம் அத்தனைக்கும் போன் போட்டிருக்கிறாள். கணவன் கட்டாரில் இருப்பவள், பகலெல்லாம் தனியாக இருப்பவள், குமர்ப்பிள்ளைகளை வைத்திருப்பவள், மெக்கானிக் வருகிறான் என்றாலே பக்கத்து வீட்டு ஆம்பிளையைத் துணைக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்தவள், எல்லோருக்கும்.

மறுநாள் காலை ராஜி வந்தபோது பௌஸி வாசலிலேயே கேட்டார். "சட்டையக் கழுவிக் கொண்டு வந்தீங்களா தங்கச்சி?"

"கழுவிட்டேன் சேர். போட்டுக்கிட்டு வந்திருக்கேன்."

பௌஸி கறையைப் பார்த்தார், மடித்த கையைப் பார்த்தார். "நேத்து நல்ல வேலை செஞ்சீங்க. நான் இல்லண்டு செல்லல்ல. இண்டைக்கி ஒக்காந்து போன..."

போன் அடித்தது. ராஜி அசையவில்லை. பௌஸி எடுத்தார். "ஹலோ... ஓ... எந்தப் பொம்புள மெக்கானிக்?... ஓ, எங்கட ஆள்தான்." வைத்தார். மறுபடி அடித்தது. எடுத்தார். "ஓ ராத்தா... கிளெமென்ற் வருவார்... வாணாமா?... சரி, சரி." வைத்த கையை எடுக்கும் முன்னே அடுத்தது அடித்தது. மெக்கானிக்மார் புறப்படாமல் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

பௌஸி போனைக் கையில் பிடித்தபடியே, முதல் தடவையாக, ராஜியிடம் கேட்கிற குரலில் கேட்டார். "பம்பலப்பிட்டியில ஒரு வீடு, இங்க கடற்கரைப் பக்கம் ரெண்டு வீடு. ஏலுமா?"

"ஏலும்" என்று அவருடைய சொல்லிலேயே சொன்னாள்.

மூலைக்குப் போய் ஏணியை எடுத்துத் தோளில் வைத்தாள். கனமாகத்தான் இருந்தது. கிளெமென்ற் உதவிக்கு எழுந்தார், அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். வாசலை அவள் எட்டியபோது போன் மறுபடி அடிக்கத் தொடங்கியது. பௌஸி பாவம், வெறுமையாகிப்போன அந்தக் கதிரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அப்ப தங்கச்சி, இந்தப் போன யாரு பாக்கிறது?"

"நீங்கதான் சேர்" என்றாள் ராஜராஜேஸ்வரி. "ரெண்டு நாளைக்குப் பாருங்க. பொறகு சைட்டுக்கு அனுப்புறேன்."